பிறந்த வீட்டுப் பெயரைத் தேடி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணின் முன்னோரைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். தந்தை, அவர் தந்தை, அவருக்கும் தந்தை என்று ஆண்வழி 1700-கள் வரை சரசரவென்று போய்விடும். 1820-இல் பிறந்த ஒரு பெண்ணிடம் வந்ததும் பாதை அறுந்துவிடும். கல்லறையில் 'மேரி, ஜான் ஸ்மித்தின் மனைவி' என்று மட்டும் பொறித்திருக்கும். அந்த மேரி யார் வீட்டு மகள், எந்த ஊரில் பிறந்தார் என்று சொல்ல ஆளிருக்காது.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, சட்டமும்தான். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் சட்ட அடையாளம் கணவனின் அடையாளத்துக்குள் கரைந்துவிடும். அவர் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முடியாது, ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடர முடியாது. மிசிசிப்பி 1839-இலும் நியூயார்க் 1848-இலும் மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகே இது மெல்ல மாறத் தொடங்கியது. அரசு ஆவணம் என்பதே அன்று பெரும்பாலும் சொத்தும் வரியும் வழக்கும்தான். அதனால் அவர் பெயர் அங்கே வருவது அபூர்வம்.

ஆகவே அவரை அவர் பெயரில் மட்டும் தேடுவது வீண். அவரைப் பற்றி எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கெல்லாம் இருந்தது என்று கேளுங்கள். மகளுக்குப் பங்கு எழுதிய தந்தை, திருமணத்துக்கு ஜாமீன் நின்ற அண்ணன், 'இவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும்' என்று சத்தியம் செய்த பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவின் பெயரை விண்ணப்பத்தில் நிரப்பிய மகன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஆட்களைத் தேடுவதைப் பற்றியதுதான்.

தமிழர் வரலாற்றோடு தொடர்புள்ள ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ, கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் 1796-இல் ஹாரியட் லேத்ரப்பாகப் பிறந்தவர். 1862-இல் சென்னையில் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி. மிஷன் வரலாற்றில் கணவர் பெயரோடு அறியப்படும் இத்தகைய பெண்கள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்று தேடுகிறவர்களுக்கும், அமெரிக்கக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்திருக்கும் தமிழ் வீடுகளுக்கும் வழிமுறை ஒன்றே.

படி 1: மரணத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பிறப்பிலிருந்து தொடங்க ஆசையாக இருக்கும், ஆனால் அது பலன் தராது. ஒரு மனிதரைப் பற்றிய தகவல் அதிகம் திரள்வது அவர் இறக்கும்போதும் அதற்குப் பிறகும்தான்.

முதலில் கல்லறை. 'ஃபைண்ட் எ கிரேவ்', 'பில்லியன் கிரேவ்ஸ்' போன்ற தளங்களில் கல்லின் புகைப்படத்தைப் பாருங்கள். கீழே தட்டச்சு செய்திருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய கல்லில் பிறந்த தேதிக்குப் பதில் வயது இருக்கும். 1871 மார்ச் 3-இல் இறந்தார், வயது 67 ஆண்டு 4 மாதம் 12 நாள் என்றிருந்தால் முதலில் ஆண்டைக் கழியுங்கள்: 1804 மார்ச் 3. பிறகு மாதம்: 1803 நவம்பர் 3. கடைசியாக நாள்: 1803 அக்டோபர் 22. பெயருக்குப் பின் 'கன்சார்ட்' என்றிருந்தால் அவர் இறந்தபோது கணவர் உயிருடன் இருந்தார். 'ரெலிக்ட்' என்றிருந்தால் அவர் விதவை. எந்த ஆண்டு வரை கணவனின் பத்திரங்களில் அவரைத் தேடலாம் என்பதை இந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும். அந்தக் கல்லைச் சுற்றியிருக்கும் மற்ற கல்லறைகளையும் பாருங்கள். அதே வரிசையில் வேறு குடும்பப் பெயரோடு ஒரு வயதான தம்பதி இருந்தால் அவர்கள் அவருடைய பெற்றோராக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து அவர் பிள்ளைகள். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 1880-இல் இறந்த பெண்ணுக்கு மாநில மரணச் சான்றிதழே இல்லாமல் போகலாம். மாசசூசெட்ஸ் 1841-லேயே மாநில அளவில் பதிவைத் தொடங்கிவிட்டது; பென்சில்வேனியா 1906 வரை தொடங்கவில்லை. ஆனால் அவர் பிள்ளைகள் 1910-க்கும் 1940-க்கும் இடையில் இறந்திருப்பார்கள். அந்தச் சான்றிதழ்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் வாங்குங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியது இறந்தவரல்ல. மருமகனாகவோ பேத்தியாகவோ இருக்கும். ஒருவர் 'வீலர்' என்பார், இன்னொருவர் 'வீலன்' என்பார், மூன்றாமவருக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

1936-க்குப் பிறகும் உயிரோடிருந்த பிள்ளை என்றால் இன்னும் நல்லது. சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) எண்ணுக்கான விண்ணப்பத்தில் தாயின் முழுப் பெயரைப் பிள்ளையே சொல்லியிருப்பார். அயோவாவில் வாழ்ந்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு மாநிலக் கணக்கெடுப்பு ஒரு கொடை: வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் தாய்க்கும் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று அது கேட்டது.

பிள்ளைகளின் நடுப்பெயரையும் கவனியுங்கள். ஹென்றி லெஃபிங்வெல் ஸ்மித் என்று ஒரு மகன் இருந்தால், லெஃபிங்வெல் என்பது தாய்வழிக் குடும்பப் பெயராக இருக்கலாம். இது தடயம் மட்டுமே. ஊர்ப் பாதிரியாரின் பெயரையோ தளபதியின் பெயரையோ பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம்தான்.

படி 2: மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறைகளோடு படியுங்கள்

1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் பாலினம், வயதுப் பிரிவு வாரியாக வெறும் எண்கள். 1790-இல் பெண்களுக்கு வயதுப் பிரிவுகூடக் கிடையாது. பச்சைக் குழந்தையும் பாட்டியும் ஒரே கட்டம்.

ஹாரியட்டை இதில் தேடிப் பாருங்கள். 1800-இல் நார்விச்சில் தந்தை சார்ல்ஸ் லேத்ரப்பின் பெயருக்கு எதிரே, பத்து வயதுக்குட்பட்ட பெண்கள் என்ற கட்டத்து எண்ணில் அவர் அடங்கியிருக்க வேண்டும். 1810-இல் வயது 14. பத்திலிருந்து பதினாறுக்குள் என்ற கட்டம். 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து இண்டஸ் என்ற கப்பலில் ஏறிவிட்டார். 1820 ஆகஸ்டில் கணக்கெடுப்பு தொடங்கியபோது அவர் யாழ்ப்பாணத்தில். 1833-இல் அங்கேயே இறந்தார். அவருடைய சொந்த நாட்டின் கணக்கெடுப்பு அவர் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை.

1850-இல் நிலை மாறுகிறது. அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் பதிவாயின. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் வந்தது. இங்கேதான் பெரிய பொறி. 1850, 1860, 1870 பக்கங்களில் கணவனுக்கு அடுத்த வரியில் இருக்கும் பெண்ணைப் பிள்ளைகளின் தாய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறோம். அவர் இரண்டாம் மனைவியாக இருக்கலாம், விதவைச் சகோதரியாகவும் இருக்கலாம். பிரசவத்தில் இறந்த பெண்கள் அன்று ஏராளம். சின்னப் பிள்ளைகளோடு நின்ற கணவர்கள் விரைவில் மறுமணம் செய்தார்கள். வின்ஸ்லோவும் ஹாரியட் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டவர்தான். பிள்ளைகளின் வயதில் நான்கைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு மரணமும் ஒரு திருமணமும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

1880-இல் பெற்றோர் பிறந்த மாநிலமும் கேட்கப்பட்டது. 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் பெற்றார், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தன. இடையிலிருந்த 1890 கணக்கெடுப்பு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. ஆனால் உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குத் தரப்பில் போரிட்டவர்களையும் அவர்களின் விதவைகளையும் பற்றிய 1890 சிறப்புப் பட்டியலில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் அவர் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக மணமானவர்கள் பெண் வீட்டுக்கு அருகிலேயே நிலம் வாங்கிக் குடியேறுவது சர்வசாதாரணம். மேற்கே குடிபெயர்ந்தவர்களும் தனியாகப் போகவில்லை. மாமனார், மைத்துனன், சபையார் என்று கூட்டமாகத்தான் போனார்கள். ஒஹையோவிலும் பிறகு அயோவாவிலும் அதே குடும்பப் பெயர் பக்கத்தில் வந்தால், அந்தக் குடும்பத்தைத் தனியாக ஆராயுங்கள்.

படி 3: திருமணப் பதிவு

திருமணத்தைப் பதிந்தது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகம் அல்லது, நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில், டவுன் அலுவலகம். கனெக்டிகட்டில் 1850 வரையிலான டவுன் பதிவுகளை பார்பர் தொகுப்பு என்ற பெயரில் அட்டவணைப்படுத்தி ஹார்ட்ஃபர்டிலுள்ள மாநில நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நார்விச் குடும்பங்களுக்கு முதல் வாசல் அதுதான். தென் மாநிலங்களில் மாப்பிள்ளை ஒரு பாண்டு (பிணைப் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ தந்தையோதான். பெண்ணின் பெயரைவிட அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

செல்லப் பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள். பாலி என்றால் மேரி, சாலி என்றால் சாரா, பாட்சி என்றால் மார்த்தா, நான்சி என்றால் ஆன், பெட்சி என்றால் எலிசபெத். அயர்லாந்துப் பெண்களில் டெலியா என்றிருப்பவர் பிரிட்ஜெட்டாக இருக்கலாம். மணமகள் ஏற்கெனவே விதவை என்றால் பதிவிலிருப்பது முதல் கணவனின் குடும்பப் பெயர். இதைக் கவனிக்காமல் இல்லாத தகப்பனைத் தேடி அலைந்தவர்கள் பலர்.

படி 4: நீதிமன்றக் கட்டிடத்துக்குள் போங்கள்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், என் ஓட்டு கவுண்டி நீதிமன்றத்துக்கு. உயில்களும் நிலப் பத்திரங்களும் அங்கேதான்.

தந்தையின் உயிலில் 'என் மகள் மேரிக்கு, ஜான் ஸ்மித்தின் மனைவிக்கு' என்ற ஒரு வரி கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. உயில் இல்லாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது என்பேன், ஏனென்றால் அப்போது வாரிசுகள் எல்லோரையும் நீதிமன்றம் பட்டியலிட்டாக வேண்டும். நிலத்தைப் பங்குபோடும் வழக்கில் மகள்களும் மருமகன்களும், இறந்துபோன மகளின் பிள்ளைகளும்கூடப் பெயர் பெயராக வருவார்கள். உங்களுக்கு ஜான் ஸ்மித்தின் பெயர் மட்டும் தெரியும், மாமனார் பெயர் தெரியாது. அதனால் அந்தக் கவுண்டியில் அவர் பெயர் வரும் எல்லாப் பாகப்பிரிவினைகளையும் தேட வேண்டும். முன்பு இது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஃபேமிலிசர்ச் தளம் 2024-இல் கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்துத் தேடித்தரும் வசதியை இலவசமாகத் திறந்துவிட்டது. கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

நிலப் பத்திரத்தில் இன்னொரு வழக்கம் நமக்கு உதவும். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்க விதவைக்கு உரிமை இருந்தது. அதனால் கணவன் நிலத்தை விற்கும்போது மனைவி அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். பல மாநிலங்களில் நீதிபதி அவரைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, வற்புறுத்தலின்றிச் சம்மதிக்கிறாயா என்று கேட்டுப் பதிவு செய்தார். பத்திரத்தின் கடைசிப் பத்தியில் அவர் பெயரும், எழுதத் தெரியாதவர் என்றால் அவர் போட்ட பெருக்கல் குறியும் இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து, ஒரு டாலர் போன்ற சொற்பத் தொகைக்கு, வேறு குடும்பப் பெயருள்ள ஒருவருக்கு நிலத்தின் 'ஏழில் ஒரு பங்கை' எழுதிக் கொடுத்திருந்தால் விடாதீர்கள். அது தந்தைவழிச் சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தந்தை இறந்தால், தாய் உயிரோடிருந்தாலும் பிள்ளைகளின் சொத்துக்கு நீதிமன்றம் ஓர் ஆண்மகனைக் காப்பாளராக நியமித்தது. அந்தக் காப்பாளர் பல நேரங்களில் தாய்மாமன்.

பிரெஞ்சு, ஸ்பானிய சட்ட மரபைப் பின்பற்றிய லூசியானா ஒரு விதிவிலக்கு. நியூ ஆர்லியன்ஸ் நோட்டரிப் பத்திரங்களில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரோடே வருவார்.

கவுண்டி எல்லைகள் அடிக்கடி மாறின. குடும்பம் அதே வீட்டில் இருந்தாலும் பத்திரம் மூன்று கவுண்டிகளில் கிடக்கலாம். சிகாகோவின் நியூபெரி நூலகம் வெளியிட்ட வரலாற்றுக் கவுண்டி எல்லை வரைபடங்களில் ஆண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

படி 5: விதவையின் பென்ஷன் கோப்பு

19-ஆம் நூற்றாண்டுப் பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் அபூர்வமான இடம் இது. கணவன் போர்வீரன் என்று நிரூபித்தால் மட்டும் போதாது, தான் அவனைச் சட்டப்படி மணந்தவள் என்றும் அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாத காலம். அதனால் கிடைத்ததையெல்லாம் அனுப்பினார்கள். குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய பக்கத்தையே கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிள்ளைகள் பிறந்த தேதிகளைச் சத்தியம் செய்து சொல்லியிருப்பார். 'திருமணத்தன்று நான் அங்கிருந்தேன்' என்று சாட்சி சொன்னவர் யார் என்று தேடிப்போனால், அது அவருடைய தங்கையாக இருக்கும்.

உள்நாட்டுப் போர் விதவைகளுக்கான அடிப்படைச் சட்டம் 1862 ஜூலை 14-இல் வந்தது. சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகளுக்கு 1836, 1838 சட்டங்களும், 1812 போர் வீரர்களின் விதவைகளுக்கு 1871, 1878 சட்டங்களும் உண்டு. தெற்குத் தரப்பில் போரிட்டவர்களுக்குக் கூட்டாட்சி அரசு பென்ஷன் தரவில்லை. அந்தந்த மாநிலங்கள் தந்தன, ஆகவே மாநிலக் காப்பகத்தில் கேளுங்கள். இணையத்தில் அட்டவணை அட்டை மட்டும் கிடைத்தால் திருப்தியடையாமல் முழுக் கோப்பையும் கட்டணம் செலுத்தி வரவழையுங்கள்.

படி 6: அடிமைப்படுத்தப்பட்ட பெண் என்றால்

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும், பெயர் கிடையாது. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலில் வருவது 1870-இல். அந்தச் சுவருக்குப் பின்னால் போக, 1865-க்கும் 1874-க்கும் இடையில் விடுதலை பெற்றவர்களுக்காக இயங்கிய ஃபிரீட்மன்ஸ் வங்கியின் வாடிக்கையாளர் பதிவேடுகளில் தொடங்குங்கள். கணக்குத் தொடங்க வந்தவர்களை அடையாளம் காண, தந்தை, தாய், சகோதரர்கள் யார், பழைய எஜமானர் யார் என்றெல்லாம் பல கிளைகளில் கேட்டு எழுதினார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு உதவிய அரசு அமைப்பான ஃபிரீட்மன்ஸ் பீரோவின் ஒப்பந்தங்கள், வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் 1866-இல் அடிமைக்காலத் தம்பதியரைப் பதிந்த பதிவேடுகள் ஆகியவை அடுத்தவை.

எஜமானரின் பெயர் தெரிந்ததும் அவர் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படிக்க வேண்டும். மனிதர்களின் பெயருக்கு எதிரே டாலர் விலை எழுதியிருக்கும் பக்கங்கள் அவை, படிப்பது வேதனை. ஆனாலும் படிக்கத்தான் வேண்டும். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் செய்தது. பிறக்கும் குழந்தையைச் சொத்தாக்குவதற்காகவே தாயோடு சேர்த்து எழுதினார்கள். 'ஹன்னாவும் குழந்தையும்' போன்ற பதிவுகளால், தந்தையின் பெயர் அழிந்த இடங்களிலும் தாய்வழி சில தலைமுறைகளுக்குத் தெரியவரும்.

படி 7: கடல் கடந்து வந்தவர்கள்

கப்பல் பயணிகள் பட்டியல் 1820 முதல் உண்டு. குடியுரிமை ஆவணத்தில் மனைவியைத் தேடாதீர்கள். 1855 சட்டப்படி குடிமகனை மணந்தாலோ, கணவர் குடியுரிமை பெற்றாலோ மனைவியும் குடிமகளாகிவிட்டார். அயர்லாந்துப் பெண்களுக்கு பாஸ்டன் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை வெளியிட்ட 'காணாமற்போன உறவினர்' விளம்பரங்களைப் பாருங்கள். தங்கையைத் தேடும் அண்ணன் ஊர், கவுண்டி, வந்திறங்கிய துறைமுகம் எல்லாம் சொல்லியிருப்பார்.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவுகளும் அருமையானவை: அவர்கள் திருமணச் சான்றிதழில் வந்திருந்த அத்தனை பேரும் கையெழுத்திட்டார்கள், உறவினர்கள் பெரும்பாலும் மணமக்களின் பெயர்களுக்கு அருகிலேயே.

படி 8: டிஎன்ஏ

தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, தாயின் தாயின் தாய் என்ற ஒரே கோட்டை மட்டும் காட்டும். அது மிக மெதுவாக மாறுவதால், பொருந்துகிறது என்பதற்காக நெருங்கிய உறவு என்று சொல்லிவிட முடியாது. 'இந்த இரண்டு பெண்களும் சகோதரிகளா' என்ற குறிப்பான கேள்விக்கு இரு பக்கத்து மகள்வழி வாரிசுகளையும் சோதித்தால் நல்ல பலன் தரும். வழக்கமான குடும்ப டிஎன்ஏ சோதனையில், எள்ளுப்பாட்டி பொதுவாக உள்ள இருவரிடம் பொதுப் பகுதி தென்பட ஏறக்குறைய 90% வாய்ப்பு உண்டு. அதற்கு அடுத்த தலைமுறையில் அது பாதியாகக் குறைகிறது. ஆகவே வீட்டில் வயதானவர்களை முதலில், அவர்கள் முழுச் சம்மதத்தோடு, சோதியுங்கள். டிஎன்ஏ பெயர் சொல்லாது. ஆவணம் சொன்ன பெயர் சரியா என்று மட்டும் சொல்லும்.

படி 9: எழுதி நிரூபியுங்கள்

இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் ஐம்பது பேர் ஒரே தகப்பன் பெயரைப் போட்டிருந்தாலும் அது ஒரே சாட்சிதான்; ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்திருப்பார்கள். அச்சிட்ட குடும்ப வரலாறுகளையும் அப்படியே ஏற்க வேண்டாம். லேத்ரப் குடும்பத்துக்கு 1884-இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. 1634-இல் இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரியார் ஜான் லோத்ரப் வரை அந்தக் கோடு போகிறது. கீழ்நோக்கிப் பார்த்தால், ஹாரியட்டின் மகள் மணந்தது ஜான் வெல்ஷ் டல்லஸை. 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அவர்களின் பேரன். இப்படிப் புகழ்பெற்ற கோட்டிலும் ஒவ்வொரு கண்ணிக்கும் டவுன் பதிவையோ உயிலையோ நீங்களே பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பெற்றோரைச் சொல்லும் நேரடி ஆவணம் கடைசிவரை கிடைக்காமலும் போகலாம். அப்போது மறைமுகச் சான்றுகளை வரிசைப்படுத்தி வாதமாக எழுதுங்கள்: அண்ணன் ஜாமீன் நின்றார், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார், மூத்த மகனுக்கு அந்தக் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைத்தார், டிஎன்ஏ பொருந்துகிறது. முரண்படும் சான்று எதையும் மறைக்காமல், அது ஏன் தவறு என்று விளக்குங்கள். அதே கவுண்டியில் அதே பெயரில் இன்னொரு பெண் இல்லை என்பதையும் காட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கவுண்டி, எந்தத் தொகுதி, எத்தனையாம் பக்கம் என்று குறிப்பிடுங்கள். முடித்ததும் ஒரு பிரதியை அவர் வாழ்ந்த கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அவருடைய வேறொரு பிள்ளையின் வழியில் வந்தவர்கள் அதே பெண்ணைத் தேடி அங்கேதான் எழுதிக் கேட்பார்கள்.